மூணடிக்குப் பலன் எழுதலை

கதவை அப்படி அடிச்சுச் சாத்தாதீங்க சார். ஒரு விரல்ல தள்ளுனாப் போதும். கேட்டீங்களா சத்தம்? பஞ்சு மூட்டை மேல பஞ்சு மூட்டை விழுந்தாப்பல. நாற்பத்தேழு வருஷத்துக் கதவுங்க இது. நீங்க வந்து இறங்குன புதுக் கார்க் கதவைச் சாத்துனப்ப நானும் கேட்டேன். சோத்துப் போசியை மூடற சத்தம். கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொன்னேன்.

விலையா? வந்ததும் வராததுமா விலை கேக்கறீங்களே, மெட்ராஸ்காரங்க எல்லாருமே இப்படித்தானா? டீயைக் குடிங்க முதல்ல. இன்னைக்குச் சனிக்கிழமை. நாலரைக்கு இந்தப் பங்களா அம்மாவைக் கூட்டிட்டுக் காரமடை கோயிலுக்குக் கிளம்பணும். அதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. உங்க முதலாளி பழைய காராச் சேர்க்கறாராமா. தபால் தலை சேர்க்கறாப்பல. சேர்க்கட்டும். ஆனா இந்தக் காரை நான் எப்படிப் பேசி வாங்குனேன்னு கேட்டுட்டு, அப்புறம் விலை பேசறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

என் பேரு வெள்ளியங்கிரி. கோயமுத்தூர்ல பழைய கார் வாங்கி விக்கற எவனை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "அந்தாளுகிட்டயா போறே? கட்டியிருக்கற வாட்சைக் கழட்டி வச்சுட்டுப் போ"ம்பான். பெருமைக்குச் சொல்லலை. பள்ளிக்கூடம் மூணாப்போட சரி. மிச்சப் படிப்பெல்லாம் லாரியிலதான். கிளீனரா ஏறினேன், டிரைவரானேன், புரோக்கரானேன். ஒவ்வொரு வகுப்புலயும் அடி வாங்கித்தான் பாஸ் பண்ணுனேன். கோவம் கொஞ்சம் வரும். கொஞ்சம்தான். போன வாரம் ஒருத்தன் அம்பாஸடருக்கு விலை கேட்ட விதத்துல செருப்பைக் கழட்டிட்டேன். அப்புறம் அவனே வாங்கிட்டுப் போயிட்டான்.

சரி, காருக்கு வர்றேன். திருச்செங்கோட்டுல லாரிக்குப் பாடி கட்டறதைப் பார்த்திருக்கீங்களா? கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். எஞ்சின், நாலு சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். டிரைவர் பலகை மேல உட்கார்ந்து ஓட்டிட்டு வருவான். அதுக்கு மேல உடம்பு கட்டறது பட்டறையில. இதுவும் அதே கதைதான் சார். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேசிஸ் மட்டும் கொடுத்துச்சு. லண்டன்ல ஒரு பட்டறையில ஆர்டர் பண்ணி உடம்பைக் கட்டிக்கிட்டாங்க. உள்ளே மரச்சட்டம், மேல அலுமினியத் தகடு, எல்லாம் கையால தட்டித் தட்டி வளைச்சது. யுத்தம் முடிஞ்சு ஏழாம் வருஷம். உலகத்துல இந்த உடம்போட வேற கார் கிடையாது. சட்டை தைக்கறாப்பல அளவெடுத்துத் தச்சது.

அளவு கொடுத்தது யாருங்கறீங்க? அம்மாவோட அப்பா. மில் முதலாளி, பெரியவர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அவரு என்ன பண்ணினாரு, லண்டன் பட்டறைக்காரன் அனுப்புன படத்தை எடுத்துட்டு நேரா வீடு கட்டுற ஆசாரிகிட்டப் போயிட்டாரு. மனையடி சாஸ்திரம் பார்க்க! சிரிக்காதீங்க. அவரு சிரிக்கலை. "உட்கார்ற இடம்னா அது வீடுதானே"ன்னாராம். ஆசாரி அளந்து பார்த்தான். முன்கண்ணாடியிலிருந்து பின்சீட்டுச் சாய்மானம் வரைக்கும் உள்ளே ஒன்பதடி. ஒன்பது ஆகாது. ஆறு நல்லது. அதனால குறுக்கே ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கச் சொல்லிட்டாரு. தடுப்புக்குப் பின்னால சுத்தமா ஆறடி. முன்னால, டிரைவருக்கு, மிச்சம் மூணடி.

மூணடிக்கு என்ன பலன்னு ஆசாரியைக் கேட்டாங்களாம். "சாஸ்திரமே ஆறடியிலதானுங்க ஆரம்பிக்குது. மூணடிக்குப் பலன் எழுதலை"ன்னுட்டானாம்.

லண்டன்காரன் பதறிப் போய்க் கடுதாசி போட்டிருக்கான். டிரைவர் சீட்டை நகர்த்தவே முடியாது, ஆள் முட்டி மடக்க இடம் இருக்காதுன்னு. பெரியவர் தந்தி அடிச்சாரு, கட்டுன்னு. அப்புறம் டிரைவர் வேலைக்கு வந்தவங்களையெல்லாம் டேப் வச்சு அளந்துதான் சேர்த்துக்கிட்டாங்களாம். நீங்க போயிருந்தா நின்ன கால்லயே வேலை கொடுத்திருப்பாரு. கோவிச்சுக்காதீங்க சார், அளவா இருக்கறது ஒரு குத்தமா? என்னைப் பாருங்க, ஆறடி.

இந்தக் காரை முதமுதல்ல நான் பார்த்தது பீளமேட்டுல. அப்ப எனக்குப் பதினேழு வயசு. மழை. அவினாசி ரோட்டோரம் லாரியை நிறுத்தி, படுத்துக்கிட்டு ஜாக்கி போட்டுட்டு இருந்தேன். சர்ர்ருனு வந்துச்சு. குழியில இருந்த சேறு பூராவும் என் மூஞ்சியில. துடைச்சுட்டுப் பார்க்கறேன், பின்சீட்டுல ஒரு பொண்ணு. காலை நீட்டி உட்கார்ந்துட்டு நெல்லிக்காய் தின்னுட்டுப் போறா. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் வரலைங்க. அந்தக் கால் மேலதான். கார்ல போறப்ப ஒரு மனுஷன் காலை அவ்வளவு தூரம் நீட்ட முடியுமான்னு! அன்னைக்கு முடிவு பண்ணினேன். அந்தக் காரை வாங்கறேன். அந்தச் சீட்டுல உட்கார்றேன். காலை நீட்டறேன். அதே ரோட்டுல போறேன். அவ்வளவுதான் சார் என் ஆசை. அதுக்கு மேல ஒண்ணுமே இல்லை.

முப்பத்து மூணு வருஷம் கழிச்சு, ஒரு புரட்டாசி மாசம், இந்தப் பங்களா வாசல்ல வந்து நின்னேன். பெரியவர் காலமாயிட்டாரு. மில் கைமாறிருச்சு. மிஞ்சுனது இந்த வீடு, இந்தக் கார், கோதையம்மா. ஆமாங்க, அந்த நெல்லிக்காய்தான். ஒரே மக. கண்ணாலம் கட்டிக்கலை.

நான் மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசக் கத்துக்கிட்டவன். முதல் விலை எப்பவும் அடிமட்டமாக் கேக்கணும். எதிராளிக்குக் கோவம் வரணும். கோவத்துல பேச ஆரம்பிச்சா ஆளு நம்ம கையில. அதனால காயலான் கடைக்காரன்கூடக் கேக்கக் கூசற ஒரு விலையைக் கேட்டேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுட்டே, "சரி"ன்னாங்க.

சார், எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! அம்பது தாண்டுன பொம்பளை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டாமா? தொழிலுக்கே அவமானம். "என்னங்கம்மா, விளையாடறீங்களா? இது ரோல்ஸ் ராய்ஸ்ங்க!"ன்னு நானே கத்திட்டேன். "விலை பேசறது எனக்குப் பழக்கமில்லைங்க. நீங்க சொன்னதே இருக்கட்டும். ஒரே ஒரு சின்ன விஷயம்தான்"ன்னாங்க.

அந்தச் சின்ன விஷயத்தைப் பேசி முடிக்க மார்கழி ஆயிருச்சு. வாராவாரம் வருவேன். காபி வரும். பேசுவோம். ஒவ்வொரு வாரமும் ஒண்ணொண்ணா அடிச்சு ஜெயிச்சேன். கேளுங்க.

முதல் வாரம். கார் இங்கேயே, இந்த ஷெட்டுலயே நிக்கட்டும், பார்த்துப் பழகிருச்சுன்னாங்க. எனக்கா தெரியாது? அப்புறம் ஷெட்டுக்கு வாடகைன்னு வருவாங்க. மேசையில தட்டுனேன். "நிக்கட்டும். ஆனா ஒத்தைப் பைசா வாடகை தரமாட்டேன்!" அம்மா என் டம்ளர்ல இன்னும் கொஞ்சம் காபி ஊத்துனாங்க. "சரிங்க, உங்க இஷ்டம்." முதல் ஜெயம்.

ரெண்டாவது, கோயிலுக்குப் போக மட்டும் வண்டி வேணும்னாங்க. எத்தனை நாள்னேன். "தினமும் சாயந்திரம்"ன்னாங்க. தினமும்! நான் எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டேன். அங்கிருந்து திரும்பி வந்து, வாரத்துக்கு ஒரே ஒரு நாள், சனிக்கிழமை, அதுக்கு மேல ஒரு நாள்கூட முடியாதுன்னு அடிச்சுச் சொன்னேன். ஏழு நாளை ஒண்ணாக்கினேன் சார்! அவங்க மூஞ்சி வாடிப் போச்சு. பாவமா இருந்துச்சு. அதனால அமாவாசையும் ரெண்டு ஏகாதசியும் நானாப் போட்டுக் கொடுத்தேன். நாமளும் மனுஷன்தானே.

மூணாவதுதான் பெரிய சண்டை. அவங்ககிட்டப் பழைய டிரைவர் ஒருத்தர் இருந்தாரு. அவரே ஓட்டட்டும்னாங்க. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம். "என் வண்டியில இன்னொருத்தன் கை வைக்கறதா? என் உசிரு இருக்கற வரைக்கும் ரோட்டுல என்னைத் தவிர எவனும் இதை ஓட்டக் கூடாது. எழுதுங்க காகிதத்துல!" காபி டம்ளர் கவுந்து போச்சு. அம்மா துடைச்சுட்டு, "எழுதிக்கலாங்க"ன்னாங்க. எழுதியாச்சு.

கடைசியா பெட்ரோல். கோயிலுக்கான பெட்ரோல் நான் போட்டுடறேன்னாங்க. சார், நான் கிளீனரா இருந்தவன்தான், பிச்சைக்காரன் இல்லை. என் வண்டிக்கு இன்னொருத்தர் பெட்ரோலா? கூடவே கூடாதுன்னுட்டேன். அதுலயும் நான்தான் ஜெயிச்சேன்.

அவங்க காலம் வரைக்கும் விக்கக் கூடாதுங்கறதையும் சேர்த்து, மில்லுப் பேரு அச்சடிச்ச பழைய தாள்ல, மசிப் பேனாவுல, அழகா எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டு போய் எம் பொண்டாட்டி மரகதத்துகிட்டப் படிக்கச் சொன்னேன். அவ எட்டாவது படிச்சவ. வாடகை கிடையாது, ஏழு நாள் ஒரு நாளாச்சு, ஓட்டறது நான் மட்டும், பெட்ரோல் என்னுது. ஒவ்வொண்ணாப் படிச்சா. படிச்சுட்டுப் புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. தோளெல்லாம் குலுங்குது. கண்ணுல தண்ணி. சந்தோஷத்துல அழுகுறா பாவம்னு நானும் தொந்தரவு பண்ணலை.

மரகதத்தை அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. துணைக்குக் கோயிலுக்கு அவளும் வர்றா. பின்னாலதான் உட்காருவா, அம்மா பக்கத்துல. இப்பக்கூட உள்ளே ரெண்டு பேரும் துளசி மாலை கட்டிட்டு இருக்காங்க. வர்றவங்க போறவங்க கதையெல்லாம் ரெண்டு பேரும் பேசிட்டு வருவாங்க போலிருக்குது. எனக்குக் கேக்காது, கண்ணாடி. ஏதாவது வேணும்னா மணி அடிப்பாங்க. இதைப் பாருங்க, டேஷ்போர்டுல அஞ்சு குட்டிக் கண்ணாடி. இடது, வலது, மெல்ல, நில், வீடு. பின்னால பொத்தானை அமுக்குனா மணி அடிச்சு இங்கே அந்த எழுத்து எரியும். பெரியவர் தமிழ்லயே எழுதி லண்டனுக்கு அனுப்பினாரு. பட்டறைக்காரன் எது மேலே எது கீழேன்னு தெரியாம 'வீடு'ங்கறதை மட்டும் தலைகீழா மாட்டிட்டான். மாத்தி அனுப்பட்டுமான்னு கேட்டானாம். "படிக்கறது டிரைவர்தானே, தலையைச் சாய்ச்சுப் படிச்சுக்கட்டும்"னு பெரியவர் சொல்லிட்டாரு.

அம்மா அதிகமா அமுக்கறது 'மெல்ல'. மழை பெஞ்சாப் போதும், பீளமேட்டு ரோடுன்னு இல்லை, எந்த ரோடானாலும் 'மெல்ல', 'மெல்ல'. ரோட்டோரம் ஆள் நிப்பாங்களாம். பரவாயில்லை, இப்பவாவது தெரியுதே.

இந்தத் தொப்பியா? அது வெயிலுக்குங்க. முன்னால சூரியன் கண்ணுல அடிக்கும். அம்மாதான் வாங்கிக் கொடுத்தாங்க. வெள்ளைச் சட்டையும் அவங்கதான். தீபாவளிக்குத் தீபாவளி. அதெல்லாம் ஒரு மரியாதை.

என்ன கேட்டீங்க?

பின்னால உட்கார்ந்தா எப்படி இருக்கும்னா?

உட்கார்ந்ததில்லை.

என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க? எப்ப உட்கார்றது? வண்டி ஓடறப்ப நான் முன்னால இருக்கேன். நான் ஓட்டலைன்னா வண்டி ஓடாது. காகிதத்துல இருக்குது. நிக்கற வண்டியில போய் உட்கார்ந்து காலை நீட்ட நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா? பதினோரு வருஷமா அந்த ஆறடியை இந்தச் சின்னக் கண்ணாடியிலதான் பார்த்துட்டு வர்றேன். முட்டி ரெண்டும் ஸ்டியரிங்ல இடிச்சு இடிச்சுக் காய்ச்சுப் போச்சு. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு. ஆனா ஒண்ணு, ஓனர் யாரு? நான். ஆர்.சி. புக் யாரு பேருல இருக்குது? என் பேருல.

நீங்க ஓட்டறீங்களா? நீங்களா?

வேண்டாம் சார். பேச்சுன்னா பேச்சு. எழுதிக் கொடுத்திருக்கேன்.

இருங்க. இருங்க. 'ரோட்டுல'ன்னுதானே எழுதச் சொன்னேன்? ஷெட்டுலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் ரோடா? காம்பவுண்டு. முனிசிபாலிட்டி ரோடு கேட்டுக்கு வெளியேதான் ஆரம்பிக்குது. அம்மா வெளியே வர இன்னும் பத்து நிமிஷம் இருக்குது. கியர் உங்க வலது கைப்பக்கம், கதவோரமா இருக்கும். இடது பக்கம் தேடாதீங்க. முதல் கியர் போதும். மாத்தவே வேண்டாம். நாற்பது அடி தூரம். உட்காருங்க. பார்த்தீங்களா, டேப் வச்சு அளந்தாப்பல பொருந்துது!

நான் ஏறிட்டேன். போங்க.

போங்க சார். ஆங். அடேயப்பா. தோலா இது, வெண்ணெய். காலை நீட்டறேன் இப்ப. நீட்டிட்டேன்! இன்னும் இருக்குது, இன்னும் நீட்டலாம். முட்டி நேராயிருச்சு. சார், என் முட்டி...

ஐயோ! என்ன சத்தம் அது? இடது பக்கம் என்னத்தைத் தேடறீங்க? வலது! வலது கை! கிளட்சை மிதிங்க, யோவ், மிதிய்யா! கேக்குதா? கேக்காது, கண்ணாடி. எங்கே பொத்தான்... 'மெல்ல'. 'மெல்ல'! அங்கே ரோஜாத் தொட்டி! 'வலது'! 'நில்'! 'நில்'! 'நில்'!

இறங்குங்க. முதல்ல இறங்குங்க கீழே. தொட்டி ஒண்ணும் ஆகலை. வண்டிக்கும் ஒண்ணும் ஆகலை. காலை நீட்டி உட்கார்ந்தது எத்தனை நேரம்? அரை நிமிஷம். அதுலயும் உங்க கையைப் பார்க்கறதா, என் காலைப் பார்க்கறதா?

திரும்பிப் பார்க்காதீங்க. அம்மா வந்துட்டாங்க. படியிலதான் நிக்கறாங்க. மரகதமும்.

கேட்டீங்களா சார், அவங்க சொன்னதை? "எல்லாத்துக்கும் சண்டை போட்டீங்களே வெள்ளியங்கிரி. பின்னால உட்காரணும்னு மட்டும் ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே." கேட்டிருக்கலாமாம்! கேட்டு வாங்கறவனா நான்? பேசி வாங்கறவன். அவ பாருங்க, மறுபடியும் தலைப்பால வாயைப் பொத்திட்டு, தோளைக் குலுக்கிட்டு. பதினோரு வருஷமா எதுக்கெடுத்தாலும் சந்தோஷத்துல அழுகுறா.

இன்னைக்கு இந்தத் தம்பியே ஓட்டட்டும், நீங்க எங்ககூடப் பின்னால வாங்கன்னு சும்மாத் தூக்கிக் கொடுக்கறாங்க. சும்மா கொடுத்தா வாங்கிக்க நான் என்ன... இருங்க சார். இங்கேயே நில்லுங்க. பேசிட்டு வந்துடறேன்.

முடிச்சுட்டேன்! காபிகூட இல்லாம, நின்ன நிலையில முடிச்சுட்டேன். போறப்ப நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உட்கார்ந்து கியரைப் பாருங்க. வர்றப்ப நீங்க ஓட்டறீங்க, நான் பின்னால. இன்னைக்கு மட்டும் இல்லை, எல்லாச் சனிக்கிழமையும். பதிலுக்கு என்ன கொடுத்தேன்னு கேளுங்க. அம்மாவுக்கு ஸ்ரீரங்கம் போகணுமாம். வாராவாரம் கேட்டாங்க. விடுவேனா? அடிச்சு இறக்கி, மாசம் ஒரு தடவைக்குக் கொண்டு வந்துட்டேன். பெட்ரோல் வழக்கம் போல என்னுது, அதுல விட்டுக் கொடுக்கலை.

உங்க முதலாளிக்கு என்ன பதில் சொல்றதா? கார் விக்கறதுக்கு இல்லை, ஆனா எனக்கு வேலை கிடைச்சிருக்குதுன்னு சொல்லுங்க. சம்பளம் ஏதுங்க? அதை நீங்க முன்னாடியே பேசியிருக்கணும். மெட்ராஸ் தூரமா? அது உங்க பாடு சார், காம்பவுண்டுக்குள்ள ஓட்டிக் காட்டறேன்னு நானா சொன்னேன்?

ஏறுங்க, நேரமாச்சு. இந்தத் தொப்பியை மடியில வச்சுக்குங்க, திரும்பி வர்றப்ப வெயில் உங்க கண்ணுலதான் அடிக்கும். அப்புறம், மணி அடிச்சு அந்தக் கடைசிக் கண்ணாடி எரிஞ்சா பதறாதீங்க. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் படிச்சுக்குங்க.